செக்டார் 10 மட்டும் போதாது, நோடு பெயரும் வேணும்

நவி மும்பையில 'செக்டார் 10'-னு மட்டும் இருக்கிற முகவரியை வச்சு வீட்டைக் கண்டுபிடிக்க முடியல, ஆட்டோக்காரர் வேற இடத்துல இறக்கிவிட்டார்னு கேட்டிருந்தீங்க. உங்க முகவரியில விட்டுப்போனது நோடு பெயர்தான். நோடுன்னா வாஷி, ஐரோலி மாதிரி தனியா திட்டமிட்ட நகர்ப் பகுதி. நவி மும்பையில செக்டார் எண் ஊர் முழுக்க ஒரே வரிசை இல்ல. வாஷியிலும் செக்டார் 10 உண்டு, ஐரோலியிலும் உண்டு, கார்கரிலும் உண்டு. ஆட்டோக்காரர் உங்களை வேற செக்டார் 10-ல இறக்கிவிட்டது அதனாலதான் இருக்கும்.

1970-ல சிட்கோங்கிற மகாராஷ்டிர அரசின் நகரத் திட்ட நிறுவனத்தை அமைச்சு, தனித்தனி நோடுகளைக் கோத்த மாதிரிதான் இந்த ஊரைத் திட்டமிட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் தனியா கடைத்தெரு, பள்ளி, செக்டார் எண். உள்ளே நடந்தா எனக்கு ரொம்பப் பிடிச்ச அமைப்பு. புதுசா வர்றவங்களுக்குத்தான் சிரமம்.

பின்கோடைப் பாருங்க: 400703-னா வாஷி பக்கம், 400708 ஐரோலி, 410210 கார்கர். அப்புறம் பிளாட் (plot) எண், அதாவது மனை எண். பெரும்பாலும் கேட் பக்கத்துச் சுவரில எழுதியிருக்கும்.

ஆனா வீடு ஜுகுகாவ் மாதிரி பழைய கிராமத்துக்குள்ள இருந்தா இது உதவாது. நகரம் வர்றதுக்கு முன்னாடியே இருந்த ஊர் அது. கிராமப் பெயரைச் சொல்லியே விசாரிங்க.