இணைய ஏலத்தில் வரும் ஜார் காலத்து ரஷ்ய நாணயம் அசலா நகலா என்று வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். "படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்று இங்கேயே சிலர் எழுதுவார்கள். அது பாதி உண்மைதான். படத்தை வைத்து ஒரு நாணயத்தை அசல் என்று அடித்துச் சொல்ல முடியாது. போலி என்று பல நேரங்களில் உறுதியாகச் சொல்லிவிடலாம். வாங்குகிறவருக்கு அதுவே போதும்.

நீங்கள் 1897ஆம் ஆண்டின் ஒரு வெள்ளி ரூபிளை மலிவான விலையில் பார்த்திருக்கிறீர்கள். "தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது" என்ற வரியும் கூடவே இருந்திருக்கும். முதலில் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ரஷ்யாவின் கடைசி ஜாரான இரண்டாம் நிக்கோலாயின் ரூபிள் 20 கிராம் எடை கொண்டது, அதில் 18 கிராம் தூய வெள்ளி. இன்றைய வெள்ளி விலையால் அதைப் பெருக்குங்கள். கேட்கும் விலை அதற்கும் கீழே இருந்தால், உருக்கி விற்றாலே அதிகம் கிடைக்கும் பொருளை ஒருவர் ஏன் உங்களிடம் தள்ளிவிடப் போகிறார்?

அடுத்தது விளிம்பு, அதாவது நாணயத்தின் தடிமன் தெரியும் பக்கவாட்டுச் சுற்று. ஏலப் படங்களில் ஜாரின் முகமும் இரட்டைத் தலைக் கழுகும் பெரிதாக இருக்கும், விளிம்பு மட்டும் இருக்காது. நகல் செய்கிறவர்கள் முகத்திற்குச் செலவிடும் உழைப்பை விளிம்பிற்குச் செலவிடுவதில்லை. அசல் ரூபிளின் விளிம்பைச் சுற்றி, "தூய வெள்ளி 4 சொலோத்னிக் 21 தோல்யா" என்று பழைய ரஷ்ய எடைக் கணக்கு குழிந்த எழுத்துகளில் பதிந்திருக்கும். ஒரு சொலோத்னிக் ஏறத்தாழ 4.27 கிராம், அதில் 96இல் ஒரு பங்கு ஒரு தோல்யா. கூட்டினால் அதே 18 கிராம் வரும். அதையடுத்து அடைப்புக்குறிக்குள், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நாணயச்சாலை அதிகாரியின் பெயர் முதலெழுத்துகள் இருக்கும். 1899 வரை அப்போலோன் கிராஸ்கோவ், 1899 முதல் 1913 வரை எலிகும் பாபயான்ட்ஸ், அதன்பின் விக்டர் ஸ்மிர்னோவ். சில ஆண்டுகளில் வேறு ஒன்றிரண்டு அதிகாரிகளின் எழுத்துகளும் வரும். பட்டியல்கள் எளிதாகக் கிடைக்கின்றன. நகல்காரர்கள் முகப்பில் ஆண்டை மட்டும் மாற்றிக்கொண்டு எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே விளிம்பைப் பயன்படுத்துவார்கள். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் படித்தவன். ரஷ்ய எழுத்துகளை வாசிக்கத் தெரியும் என்பதைத் தவிர எனக்கு எந்த நாணயவியல் பட்டமும் கிடையாது. கல்லூரியில் எனக்கு இளையவர் ஒருவர், இப்போது கோவையில் இருக்கிறார், ஒருநாள் இரவு பரபரப்பாக அழைத்தார். "அண்ணா, காங்குட் ரூபிள் ஒன்று ஏலத்தில் வந்திருக்கிறது. இன்னும் சில மணி நேரம்தான். என் போனஸ் முழுவதையும் போடலாம் என்று இருக்கிறேன்."

காங்குட் ரூபிளைப் பற்றி அறிந்தவர்களுக்கு அந்தப் பரபரப்பு புரியும். 1714இல் சுவீடன் கடற்படையைப் பேரரசர் பீட்டர் காங்குட்டில் வென்றதன் இருநூறாம் ஆண்டு நினைவாக 1914இல் அடித்தது. பீட்டரின் முகம் கொண்டது. முதல் உலகப் போர் மூண்ட ஆண்டு அது. வெளியே போனவை சிலவே, பெரும்பகுதி உருக்கப்பட்டது. அரிய நாணயம் என்பதாலேயே அதிகமாக நகலெடுக்கப்படுகிற ரூபிள்களில் அதுவும் ஒன்று.

ஏலப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படங்கள் அழகாகவே இருந்தன. எடையையும் விளிம்புப் படத்தையும் கேட்டு விற்பவருக்கு எழுதினேன். "நான் கடை வைத்திருப்பவன் அல்ல, என்னிடம் தராசு இல்லை" என்று பதில் வந்தது. தராசு வேண்டாம், விளிம்பையாவது படமெடுங்கள் என்றேன். ஏலம் கேட்டுக்கொண்டிருந்த வேறொருவர், நானே மலிவாக வாங்குவதற்காகப் புரளி கிளப்புகிறேன் என்று பொதுவில் எழுதினார். அந்தச் சொல் இன்றும் எனக்கு உறுத்துகிறது. நான் அதில் ஒரு ரூபாய்கூட ஏலம் கேட்கவில்லை.

கடைசியில் விற்பவர் கோபத்தோடு ஒரு படத்தை ஏற்றினார். மங்கலான படம்தான், ஆனாலும் அடைப்புக்குறிக்குள் இருந்தவை பாபயான்ட்ஸின் எழுத்துகள். 1914ஆம் ஆண்டு நாணயத்தில் 1913இலேயே போய்விட்ட அதிகாரியின் முத்திரை! ஸ்மிர்னோவின் எழுத்துகள் இருக்க வேண்டிய இடம் அது. இதைப் பணிவாக எழுதிக் கேட்டேன். விளக்கம் வரவில்லை, சற்று நேரத்தில் அந்தப் பக்கமே காணாமல் போனது. தம்பியின் போனஸ் தப்பியது. நான் பெருமையாகச் சொல்கிற காரியங்கள் குறைவு, இது அவற்றில் ஒன்று.

எழுத்துகள் பொருந்தினாலும் எடையை விடாதீர்கள். வெள்ளியைவிடச் செம்பு-நிக்கல் கலவை இலேசானது. அசலின் அதே விட்டத்திலும் தடிமனிலும் அதைச் செய்தால் 17 கிராம் சொச்சம்தான் வரும். 20 கிராமுக்கு ஏற்ற வேண்டுமென்றால் தடிமனைக் கூட்ட வேண்டும். இரண்டில் ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். நாணயம் கைக்கு வந்தபின், நகைத் தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, நாணயத்தை நூலில் கட்டி அடியைத் தொடாமல் அமிழ்த்துங்கள். 20 கிராம் எடையுள்ள நாணயத்திற்குத் தராசு 1.9 கிராமுக்குச் சற்று மேலே கூடினால் வெள்ளியின் அடர்த்தி ஒத்துப்போகிறது, 2.2ஐத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். தேய்ந்த நாணயத்தின் எடை சற்றுக் குறைவது இயல்பு. அதற்காக யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

இன்னொன்று, அதே விற்பவர் முன்பு விற்றவற்றையும் பாருங்கள். ஓர் அசல் நாணயத்திலிருந்து அச்சை எடுத்து நகல் அடிக்கும்போது அந்த அசலில் இருந்த கீறலும் எல்லா நகல்களிலும் பதிந்துவிடும். ஜாரின் தாடிக்கு அருகே ஒரே இடத்தில் ஒரே காயம் இரண்டு ரூபிள்களில் இருந்தால் இரண்டையுமே தொடாதீர்கள். இல்லாத ஆண்டுகளையும் கவனியுங்கள். நிக்கோலாயின் ரூபிள் 1895 முதல் 1915 வரைதான். 1917 என்று போட்டு ஒன்று வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

போலி எல்லாமே குப்பை என்று நான் சொல்லவில்லை. 1788இல் ரஷ்யாவோடு போரில் இறங்கிய சுவீடன், ரஷ்யப் பேரரசி கேத்தரினின் 5 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்) செம்பு நாணயத்தைத் தன் அவெஸ்டா நாணயச்சாலையில் போலியாக அடித்தது. அரச மகுடத்தின் வடிவம்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. அந்தப் போலியைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி வாங்குகிறார்கள். அது வரலாறு. மாஸ்கோவின் இஸ்மாய்லோவோ சந்தையில் நினைவுப்பொருளாக விற்கும் நகலும் குற்றமில்லை, நகல் என்று சொல்லி விற்கும்வரை.

கேட்டதை விட்டு விலகுகிறேன் என்று தெரியும், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாணயம் சேகரிப்பவன் என்று தெரிந்த நாள் முதல் உறவினர்கள் எனக்கு அனுப்புவது, "இந்தப் பழைய ஐந்து ரூபாய் இருந்தால் ஐந்து இலட்சம்" என்கிற செய்திகளைத்தான். தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயத்திற்குக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அதன்பிறகும் என் சித்தி முன்பணம் கட்டத் தயாராக இருந்தார். தடுத்ததற்கு, "உனக்குப் பொறாமை" என்றார். இந்த ஆசையை வளர்த்துவிடுகிறவர்கள்தான் நகல் ரூபிளுக்கும் சந்தையை உண்டாக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

உங்கள் 1897 ரூபிளுக்கு வருகிறேன். அந்த ஆண்டில் பீட்டர்ஸ்பர்க்கோடு பிரஸ்ஸல்ஸிலும் ரஷ்யாவுக்காக ரூபிள் அடித்தார்கள். பீட்டர்ஸ்பர்க் என்றால் விளிம்பில் கிராஸ்கோவின் எழுத்துகள் இருக்கும். பிரஸ்ஸல்ஸ் என்றால் அவற்றுக்குப் பதிலாக இரண்டு நட்சத்திரங்கள். நட்சத்திரத்தைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். விளிம்பை முழுச் சுற்றும் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்; பாபயான்ட்ஸின் எழுத்துகளோ, வெறும் வரிகளோ, மழுங்கிய வெற்று விளிம்போ வந்தால் ஏலம் கேட்காதீர்கள்.