ஹில் ஹவுஸில் குடும்பம் எங்கே? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க எழுத்தாளர் ஷர்லி ஜாக்சனின் ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ படித்தேன். நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்துவிட்டுத்தான் நாவலுக்கு வந்தேன். தொடரில் அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள் என்று முழுக் குடும்பமே உண்டு. நாவலில் முன்பின் பழக்கமில்லாத நாலு பேர் ஹில் ஹவுஸ் என்ற பங்களாவில் வந்து தங்குகிறார்கள், அவ்வளவுதான். பேயும் கண்ணில் படவில்லை. நீங்களோ இதைக் குடும்ப நாவல் என்கிறீர்கள். எப்படி?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த நாலு பேரில் ஒருத்தியான எலினார் குடும்பத்தைக் கூடவே கொண்டுவருகிறாள். வயது 32. படுக்கையில் கிடந்த அம்மாவை 11 வருடம் பார்த்துக்கொண்டவள். அம்மா போனபின் அக்கா வீட்டில், குழந்தையின் அறையில் ஒரு கட்டில்தான் அவளுக்கு. தானும் பணம் போட்டு வாங்கிய காரைக் கேட்டால் அக்காவும் அத்தானும் தரமாட்டேன் என்கிறார்கள். சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

பங்களாவில் முதன்முதலாகச் சத்தம் கேட்கும் இரவை இன்னொரு முறை படியுங்கள். அரைத் தூக்கத்தில் விளக்கைத் துழாவியபடி அவள் சொல்வது, “வர்றேம்மா, வர்றேன்.” அம்மா சுவரைத் தட்டித்தான் கூப்பிடுவாள். செத்துப்போன இரவிலும் தட்டினாள்; மருந்து கொடுக்க மகள் வரவில்லை. தூங்கிவிட்டாளா, இல்லை, காதில் விழுந்தும் திரும்பிப் படுத்துக்கொண்டாளா? அவளுக்கே தெரியாது. ஜாக்சனும் சொல்லமாட்டார். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் கதவு தட்டப்படும் ஒவ்வொரு இடமும் வேறு மாதிரி கேட்கும்.

வீட்டின் பூர்வ கதையும் குடும்பத் தகராறுதான். கட்டியவர் ஹ்யூ கிரெய்ன். அவருடைய இரண்டு பெண்கள் வீட்டுக்காகச் சண்டை போடுகிறார்கள். அதில் தங்க விளிம்பு போட்ட தட்டுகளும் சேர்ந்துகொள்கின்றன. பாகப்பிரிவினை என்றால் கடைசியில் பாத்திரத்தில்தான் வந்து நிற்கும் போல.

பேய் கண்ணில் படவில்லை என்கிறீர்கள். அந்தப் பிக்னிக் காட்சியைத் தாண்டிப் போய்விட்டீர்களா? இருட்டில் நடந்துபோகும் எலினாருக்குத் திடீரென்று வெயிலடிக்கும் புல்வெளி தெரிகிறது. குழந்தைகள், ஒரு நாய்க்குட்டி, கட்டம்போட்ட விரிப்பு, சிரித்தபடி பழத்தட்டை எடுக்கும் ஒரு அம்மா. கூட நடந்துவரும் தியோடோரா, பங்களாவில் தங்கும் இன்னொருத்தி, பின்னால் திரும்பிப் பார்த்து அலறுகிறாள். அவள் பார்த்தது என்ன என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை. எலினாருக்குக் கிடைத்தது ஒரு சந்தோஷமான குடும்பம். எனக்கு நாவலிலேயே கொடூரமான பக்கம் இதுதான். அதற்கு முன்பே வீட்டுச் சுவரில் அவள் பெயர் எழுதப்படுவதுகூட இவ்வளவு கொடூரமில்லை.

இதற்குப் பிறகு அவள் தியோடோராவோடு போய்த் தங்கிவிடலாம் என்று ஆசைப்படுகிறாள். வேண்டாத இடத்துக்கெல்லாம் போவதுதான் உன் வழக்கமா என்று கேட்கிறாள் தியோடோரா. தன்னை எங்குமே யாரும் வேண்டியதில்லை என்கிறாள் எலினார். வேண்டும் என்று கூப்பிடுவது அந்த வீடு மட்டும்தான்.

2018இல் வந்த தொடர் எனக்கும் பிடித்தது, முடிவைத் தவிர. அழுது, மன்னித்து, எல்லாரும் சமாதானமாகிவிடுகிறார்கள். 1959இல் எழுதிய ஜாக்சன் அவ்வளவு இளகவில்லை. மற்றவர்கள் ஊருக்குப் போ என்று அனுப்பிவைக்கும்போது எலினார் காரை மரத்தில் மோதுகிறாள். மோதும் அந்தக் கணத்தில்தான் ஏன் இதைச் செய்கிறோம் என்ற கேள்வியே அவளுக்கு வருகிறது.

அவர் 1962இல் எழுதிய ‘வீ ஹேவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் தி காஸில்’ நாவலையும் படியுங்கள். அக்கா, தங்கை, ஒரு சர்க்கரைக் கிண்ணம். அதில் குடும்பம் எங்கே என்று கேட்கமாட்டீர்கள்.