கேள்வி–பதில்: ஓடைத் தண்ணீரும் லயத்து வெளிச்சமும்

கேள்வி: மேல்மலையிலிருந்து வரும் ஓடை எங்கள் தோட்டத்தில் வருஷம் முழுக்க ஓடுகிறது. எங்கள் லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகள்) 30 வீடுகளுக்கு அதிலிருந்து கரண்ட் எடுக்கலாமா? டர்பைன் என்ன விலை வரும்?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: டர்பைன் விலை கடைசி விஷயம். முதலில் ஒரு வாளியை எடுங்கள். ஓடை மெலிந்து கிடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் முழுவதையும் ஒரு குழாய்க்குள் திருப்பிப் பிடியுங்கள். 20 லீற்றர் வாளி 2 செக்கனில் நிரம்பினால், செக்கனுக்கு 10 லீற்றர். ஆடி மழையில் அளந்தவர்கள்தான் பிறகு மாசி மாதத்தில் இருட்டில் உட்காருகிறார்கள்.

அடுத்தது உயரம். மேசன் பாஸ் மட்டம் பார்க்கும் அதே தண்ணீர் டியூப் போதும். சரிவில் படிப்படியாக இறங்கி அளந்து கூட்டுங்கள். லீற்றரை மீற்றரால் பெருக்கி, அதை 5 ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். கணக்குப்படி 9.81 ஆல் (புவியீர்ப்பு) பெருக்க வேண்டும். குழாயிலும் டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் பாதி போய்விடுவதால் 5. பத்து லீற்றர், 30 மீற்றர் என்றால் 1,500 வாட், அதாவது வீட்டுக்கு 50. எல்.ஈ.டி பல்புகள், போன் சார்ஜ், சின்ன டீவி வரை சரி. மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு வீட்டில் ரைஸ் குக்கர் போட்டாலும் மொத்த லயமும் மங்கும். கீழே பீலிக்கு (எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் இடம்) போகும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சண்டை அங்கேதான் தொடங்கும்.

குழாயில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இதே 10 லீற்றருக்கு 110 மி.மீ. பி.வி.சி குழாய் 100 மீற்றர் நீளத்தில் உராய்வால் ஒன்றேகால் மீற்றர் உயரத்தைத்தான் தின்னும், 75 மி.மீ. குழாய் ஏறத்தாழ 8 மீற்றரைத் தின்றுவிடும். வெயில் பட்டால் பி.வி.சி நொறுங்கும், ஆகவே புதையுங்கள். வால்வை மெதுவாக மூடுங்கள். சட்டென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் திருப்பி இடித்துக் குழாயைப் பிளக்கும். சரிவில் மண் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். கசிவு மண்ணை ஊறவைத்து, மழைக்காலத்தில் சரிவையே இறக்கிவிடும்.

திட்டங்களைப் பெரும்பாலும் படுக்கவைப்பது இலைதான். குழாய் தொடங்கும் தொட்டியில் மணல் படிய இடம், கம்பி வலை, வலையைத் தினமும் வழிக்க ஓர் ஆள், அவருக்குச் சம்பளம். குழாய்வாய் தண்ணீருக்குள் நன்றாக மூழ்கியிருக்காவிட்டால் காற்றை இழுக்கும், வோல்டேஜ் துடிக்கும்.

கேள்வி: மூன்று பேஸ் மோட்டரை ஜெனரேட்டராக ஓட்டுகிறோம். இரவு ஒன்பதுக்கு எல்லாரும் விளக்கணைத்ததும் மீதி பல்புகள் எரிந்து போகின்றன. ஒரு கெப்பாசிட்டரும் வெடித்தது.
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: சுமை இறங்கியதும் டர்பைன் வேகம் எடுக்கிறது, வோல்டேஜ் ஏறுகிறது. உங்களுக்குத் தேவை லோட் கன்ட்ரோலர். வீடுகள் எடுக்காத கரண்டை அது தண்ணீருக்குள் இருக்கும் ஹீட்டருக்குத் தள்ளி, மொத்தச் சுமையை ஒரே அளவில் வைத்திருக்கும். ஹீட்டர் முழு உற்பத்தியையும் தாங்க வேண்டும். தொட்டி வற்றினால் ஹீட்டரும் போகும், பின்னாலேயே பல்பும் போகும். கெப்பாசிட்டர் தொடர்ந்து ஓடுவதற்கான ‘மோட்டர் ரன்’ வகையா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கான வகை சில செக்கன் வேலைக்கு மட்டும் செய்யப்பட்டது, அதுதான் வெடிக்கும்.

ஷோர்ட் ஆகி நின்றபின் மோட்டர் சுழன்றும் வோல்டேஜ் வராவிட்டால், அதன் இரும்பில் மிச்சமிருந்த காந்தம் போயிருக்கும். எல்லாவற்றையும் நிறுத்தி, வயர்களையும் கெப்பாசிட்டரையும் கழற்றி, 12 வோல்ட் பெட்டரியை மோட்டரின் ஒரு சுருளில் ஓரிரு செக்கன் தொட்டு எடுங்கள்.

கேள்வி: மின்சார சபை லைன் வந்துவிட்டது. பழைய டர்பைனையும் அதே வயரில் சேர்க்கலாமா?
– வாசகர், நோர்ட்டன் பிரிஜ்

பதில்: கூடாது. லைன் நின்ற நேரத்தில் உங்கள் ஜெனரேட்டர் கம்பிக்கு உயிர் கொடுத்தால், கம்பத்தில் ஏறியவர் சாவார். எழுத்து அனுமதியும், லைன் நின்றதும் தானே துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேயும் இல்லாமல் தொடாதீர்கள். (உங்கள் ஊர்ப்பக்கத்து ஆற்றை வைத்து பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இல் சொன்ன நீர்மின் யோசனை, 1950இல் லக்சபானவில் மின்நிலையமானது. அந்த வெளிச்சம் லயங்களுக்கு வர இன்னும் எத்தனையோ காலம் பிடித்தது. டர்பைனைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போட மனம் வராதது புரிகிறது.) டர்பைனிலிருந்து தெருவிளக்குக்கும் கோயிலுக்கும் தனி வயர் இழுத்து, லைன், டர்பைன் இரண்டில் ஒன்றை மட்டும் பிடிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை நடுவில் வையுங்கள்.