பதில்: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு, கார் இல்லாமல் டப்ளினிலிருந்து ஒரே நாளில் கோட்டை பார்க்க

நீங்க போகலாமான்னு கேட்ட டனமேஸ் பாறையை, அதாவது போர்ட்லீஷ் ஊர் பக்கம் குன்றின் மேல் இருக்கும் இடிந்த கோட்டையை, இந்த முறை விட்டுடுங்க. நீங்க சொன்ன மாதிரி காட்சி அருமைதான், கட்டணமும் இல்லை. ஆனா போர்ட்லீஷ் ரயில் நிலையத்திலிருந்து டாக்சி பிடிக்கணும். ஏற்றம், கரடுமுரடான புல்தரை, மழை பெய்தா வழுக்கும். அம்மாவுக்கு ஒத்து வராது.

அதுக்குப் பதிலா ட்ரிம் ஊர்க் கோட்டைக்குப் போங்க. டப்ளினின் மையப் பேருந்து நிலையமான புசாரஸில் பஸ் ஏறினா சுமார் ஒரு மணி நேரம். ஹியூ டி லேசி என்ற நார்மன் பிரபு 1170-களில் தொடங்கிய கோட்டை இது. நடுக்கோபுரம் சிலுவை வடிவம், 20 பக்கம். அப்படி ஒன்றை வேறெங்கும் பார்ப்பது அரிது. கோபுரத்துக்குள்ளே வழிகாட்டியோடதான் விடுவாங்க. படிக்கட்டு குறுகல், செங்குத்து. நீங்க மட்டும் ஏறிட்டு வாங்க, அம்மா கீழே புல்வெளியில் மதிலைச் சுற்றிப் பார்க்கட்டும். கோடையில் கூட்டம் இருக்கும், போனதும் முதல்ல கோபுரத்துக்குள்ளே போகும் சீட்டை வாங்கிடுங்க.

அப்புறம் நடைபாலத்தில் பாய்ன் ஆற்றைத் தாண்டுங்க. எதிர்க்கரையில் பாதி இடிந்த மஞ்சள் கோபுரம்; அங்கிருந்து திரும்பிப் பார்த்தா கோட்டை முழுசாத் தெரியும். என்னைக் கேட்டா, உள்ளே ஏறுவதைவிட இதுதான் மேல். ஜூலையானாலும் மழைக்கோட்டு எடுத்துக்கோங்க, குடை காற்றில் நிக்காது.