முழங்கால் வலி, ஆஸ்துமா, ஏழு வயது மகள்: வேகாஸில் எந்த ஹோட்டல்?

கேள்வி: டாலஸில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அக்டோபரில் மூன்று இரவு லாஸ் வேகாஸ் போகலாம் என்று எண்ணம். நான், மனைவி, ஏழு வயது மகள், அப்பா, அம்மா என ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு ஆஸ்துமா. சூதாடும் பழக்கம் யாருக்கும் இல்லை. கேசினோ எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்க அப்பாவுக்கு மட்டும் ஆசை. பிரமிடு, கோட்டை, பாரிஸ் என்று ஒவ்வொரு ஹோட்டலையும் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. மூன்று வருடத்துக்கு முன்பு நண்பர் 60 டாலருக்குத் தங்கிய ஹோட்டல் இப்போது 120 காட்டுகிறது. எங்கே தங்கலாம்?

பதில்: முதலில் அந்த 60 டாலர் கணக்கை முடித்துவிடுவோம். உங்கள் நண்பர் கொடுத்தது பெரும்பாலும் 60 ஆக இருந்திருக்காது. அந்தக் காலத்தில் முதல் பக்கத்தில் அறை வாடகையை மட்டும் காட்டுவார்கள். 'ரிசார்ட் ஃபீ' என்ற ஒன்று, கார்டு எண்ணைப் போடும் கடைசிப் பக்கத்தில்தான் தலை காட்டும். வைஃபை, ஜிம், உள்ளூர் போன் கால் (ஆமாம், இன்னும் அதைச் சொல்கிறார்கள்) இவற்றுக்கான கட்டணமாம். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ஸ்ட்ரிப் (பெரிய கேசினோ ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் முக்கியச் சாலை) ஹோட்டல்களில் இது இரவுக்குச் சுமார் 40 முதல் 55 டாலர் வரை போகிறது. 2025 மே 12 முதல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி ஒன்று நடைமுறைக்கு வந்தது. தவிர்க்க முடியாத கட்டணத்தை எல்லாம் சேர்த்துத்தான் முதலிலேயே விலை காட்ட வேண்டும். ஆகவே நீங்கள் பார்க்கும் 120-இல் நண்பரின் பழைய 60-உம் ரிசார்ட் ஃபீயும் சேர்ந்தே இருக்கிறது. விலை ஏறியிருக்கிறதுதான், ஆனால் இரண்டு மடங்கு இல்லை.

இதற்கு மேல் வரி வரும், சுமார் 13 சதவிகிதம். அரசு வரியை விளம்பர விலையில் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. காரில் போனால், பல ஹோட்டல்களில் அங்கே தங்குபவர்களுக்கும் பார்க்கிங் கட்டணம் உண்டு. ரிசார்ட் ஃபீ ஆளுக்கு இல்லை, அறைக்கு. இரண்டு அறை எடுத்தால் இரண்டு மடங்கு.

சரி, இப்போது ஹோட்டலுக்கு வருவோம். எல்லோரும் வெளித்தோற்றத்தை வைத்துத்தான் தேர்வு செய்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு: அறைக் கதவிலிருந்து தெருவுக்கு வர எந்த வழியாக நடக்க வேண்டும்? கேசினோ ஹோட்டலின் அமைப்பே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. லிஃப்டிலிருந்து இறங்கினால் கேசினோ. சாப்பிடப் போனால் கேசினோ. நீச்சல் குளத்துக்கும் அதன் ஓரமாகத்தான் வழி. ஊபர் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் பின்பக்கம் கார் நிறுத்தும் கட்டடத்தில். அங்கே போகவும் ஸ்லாட் என்கிற, காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்களின் நடுவேதான் நடக்க வேண்டும். அறையை மலிவாகக் கொடுத்து ஆளை உள்ளே இழுத்து, தரைத்தளத்தில் காசைக் கறப்பது அந்தக் கால வியாபாரம். இன்று ஸ்ட்ரிப்பில் சூதாட்டத்தைவிட அறை, சாப்பாடு, மேடை நிகழ்ச்சி இவற்றில்தான் கூடுதல் வருமானம். ஆனாலும் கட்டடங்கள் பழைய கணக்கில் கட்டியவை. சூதாடாதவர்களும் அந்த வழியாகத்தான் நடந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இந்த நடை பிரச்சினை.

அப்பாவுக்குப் புகை. நெவாடா மாநிலத்தில் உட்புறப் புகைத்தடைச் சட்டம் 2006-லேயே வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது, ஆனால் கேசினோ தளத்துக்கு விலக்கு உண்டு. 'புகை இல்லாத அறை' என்று புக் செய்து என்ன பயன்? ஒரு நாளைக்கு ஆறு தடவை புகைக்கு நடுவே நடக்க வேண்டியிருக்கிறதே. வாடை தெரியாமலிருக்க வாசனை வேறு கலந்து விடுகிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சில சமயம் அந்த வாசனையே ஆகாது.

அம்மாவுக்குத் தூரம். ஸ்ட்ரிப் நாலு மைலுக்குச் சற்று அதிகம். கட்டடங்கள் பிரம்மாண்டமானவை என்பதால் கண்ணுக்குப் பக்கமாகத் தெரியும். 'இதோ அடுத்த கட்டடம்' என்று கிளம்பினால் இருபது நிமிடம் ஆகிவிடும். பெரிய சந்திப்புகளில் சாலையை நேராகக் கடக்க முடியாது, நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். எஸ்கலேட்டர், லிஃப்ட் உண்டு. சில நாள் நின்றுபோயும் இருக்கும். ஹோட்டலுக்குள்ளேயே லிஃப்டிலிருந்து அறைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் நடக்க வைக்கும் தாழ்வாரங்கள் இருக்கின்றன. செக்-இன் செய்யும்போது 'லிஃப்டுக்குப் பக்கத்து அறை' என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதற்குக் காசு கிடையாது.

மகளுக்குச் சட்டம். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேசினோ தளத்தில் நிற்கக் கூடாது, கடந்து மட்டும் போகலாம். நீங்கள் ஸ்லாட் முன்னால் ஒரு நிமிடம் உட்கார, குழந்தை பக்கத்தில் நின்றாலும் காவலர் வந்து நகரச் சொல்வார். திட்ட மாட்டார்கள், ஆனால் விடவும் மாட்டார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கேசினோ ஊரில் கேசினோ இல்லாத ஹோட்டல்தான் உங்களுக்குச் சரி. என் முதல் தேர்வு விதாரா. 2009-இல் திறந்தது, பெல்லாஜியோ, ஏரியா என்ற இரண்டு கேசினோ ஹோட்டல்களுக்கு இடையில், ஸ்ட்ரிப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. கேசினோ கிடையாது, புகைக்கும் இடமும் கிடையாது. எல்லாமே சூட் வகை அறைகள். சிறு சமையல் மேடையும் குளிர்பெட்டியும் இருக்கும். பாத்திரம் தருவார்களா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் மாலைக்குள் அம்மா ஒரு ரசம் வைக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் ஆச்சரியம். அங்கிருந்து பெல்லாஜியோவுக்கு நடைபாதை இணைப்பு இருக்கிறது. இலவச டிராம் ஒன்று பெல்லாஜியோ பக்கமிருந்து ஏரியா வழியாகப் பார்க் எம்ஜிஎம் ஹோட்டல் வரை ஓடுகிறது. அது எத்தனை மணி வரை ஓடுகிறது என்று அன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்கு இந்த டிராமைவிட நல்ல மருந்து ஸ்ட்ரிப்பில் இல்லை.

பெல்லாஜியோ பக்கத்தில் இருப்பது இன்னொரு வகையிலும் லாபம். வேகாஸில் அப்பா, அம்மா ஊருக்குப் போய்ப் பேசப்போவது பெல்லாஜியோ வாசலில் உள்ள நீரூற்றைப் பற்றித்தான். பாட்டுக்கு ஏற்ப ஆடும். மாலைக்கு மேல் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, காசு இல்லாமல். உள்ளே கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு பூந்தோட்டம், அதுவும் இலவசம். வருடத்தில் ஐந்து முறை அலங்காரத்தை மாற்றுகிறார்கள். அம்மா ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

விதாரா கிடைக்கவில்லை, விலை கட்டுப்படியாகவில்லை என்றால்? பார்க் எம்ஜிஎம். இதில் கேசினோ உண்டு, ஆனால் 2020 செப்டம்பர் கடைசியில் மறுபடி திறந்தபோது முழுக்கப் புகை இல்லாத இடமாக மாற்றினார்கள். ஸ்ட்ரிப்பில் அப்படிச் செய்த முதல் கேசினோ ஹோட்டல் அதுதான். அதே டிராமின் மறுமுனை. எம்ஜிஎம் கிராண்ட் என்ற பெரிய கேசினோ ஹோட்டலோடு இணைந்த சிக்னேச்சர் ஹோட்டலைப் பலர் சொல்வார்கள். கேசினோ இல்லாத அமைதியான கட்டடங்கள், சமையல் மேடையும் உண்டு. ஆனால் ஸ்ட்ரிப்புக்கு வர எம்ஜிஎம் கிராண்டின் முழு நீளத்தையும் நடந்து தீர்க்க வேண்டும். அம்மாவை நினைத்து நான் அதை மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

பிரமிடும் கோட்டையும் பார்க்கத்தான் அழகு. பிரமிடு வடிவ லக்ஸர் 1993-இல் கட்டியது. அதன் மின்தூக்கிகள் பிரமிடின் சரிவோடு 39 டிகிரி சாய்வில் ஏறும். மகளுக்கு அது ஒரு ராட்டினம். ஒரு தடவை வேடிக்கை பார்த்துவிட்டு வாருங்கள், போதும். கோட்டை போன்ற எக்ஸ்காலிபர் 1990-ஐச் சேர்ந்தது, மலிவு. அந்த இரண்டையும் 'மாண்டலே பே' ஹோட்டலையும் இணைக்கும் இலவச டிராம் ஒன்று உண்டு. 'மாண்டலே பே' ஹோட்டலில் சுறா மீன்கள் உள்ள காட்சியகம் இருக்கிறது, மகளை அழைத்துப் போகலாம். 'சர்க்கஸ் சர்க்கஸ்' என்ற ஹோட்டலில் இலவச சர்க்கஸும் கூரைக்குள்ளேயே ராட்டினங்களும் உண்டு, ஆனால் கட்டடம் 1968-ஐச் சேர்ந்தது, ஸ்ட்ரிப்பின் வட கோடியில் இருக்கிறது. அரை நாள் போய் வர நல்லது. தங்க வேண்டாம் என்பேன்.

அறை விஷயத்தில் நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று: ஐந்து பேர் ஓர் அறையில் சமாளிக்கலாம் என்பது. பெரும்பாலான அறைகளுக்கு நான்கு பேர்தான் வரம்பு. இரண்டு அறை எடுங்கள். உள்கதவு உள்ள இணைப்பு அறை வேண்டும் என்று கேளுங்கள். 'பக்கத்துப் பக்கத்து அறை' என்றால் நடுவில் கதவு இருக்க வேண்டும் என்று இல்லை, இரண்டும் வேறு. இணையத்தில் கோரிக்கையாக எழுதினால் அது விருப்பம் மட்டுமே. போன் செய்து, உறுதி செய்ததாக மின்னஞ்சல் வாங்கிவிடுங்கள்.

சாதாரண கேசினோ ஹோட்டல் அறைகளில் பலவற்றில் காபி மேக்கர்கூட இருக்காது. அறையிலேயே காபி கிடைத்துவிட்டால் கீழே ஏன் வரப்போகிறீர்கள்? குளிர்பெட்டி மாதிரி இருப்பது மினிபார், அதில் எடையை உணரும் கருவி. ஒரு முறை, பெயர் வேண்டாம், ஒரு ஹோட்டலில் தயிர் டப்பா வைக்க இடம் பண்ணுகிறேன் என்று என் மாமியார் இரண்டு பாட்டிலை நகர்த்தினார். பில்லில் இரண்டு பாட்டிலும் ஏறிவிட்டன. வரவேற்பில் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். ஆனால் பில்லைப் படித்திருக்காவிட்டால் போனது போனதுதான். யாருக்காவது இன்சுலின் இருந்தால் தனிக் குளிர்பெட்டியை மருத்துவத் தேவை என்று சொல்லிக் கேளுங்கள். அப்புறம், செக்-இன்னில் முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுக்காதீர்கள், அந்தப் பணம் திரும்ப நாளாகும்.

தேதியைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா? மகளின் பள்ளி விடுமுறை இடம் கொடுத்தால் ஞாயிறு முதல் புதன் வரை தங்குங்கள். வெள்ளி, சனி விலையோடு ஒப்பிட்டால் சில சமயம் பாதிதான். ஆனால் பெரிய மாநாடு ஏதாவது நடந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும், வார நாள்தான் எகிறும். ஜனவரி ஆரம்பத்தில் நடக்கும் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி அந்த வகை. 2023 முதல் நவம்பரில் நடக்கும் ஃபார்முலா ஒன் கார் பந்தயமும் விலையை ஏற்றிவிடும். புக் செய்யும் முன் அந்த வாரத்தில் என்ன மாநாடு என்று ஒரு தடவை தேடிவிடுங்கள். அக்டோபர் நல்ல மாதம். ஜூலை என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். 2024 ஜூலை 7 அன்று அங்கே 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 49 டிகிரி செல்சியஸ் அடித்தது. ஒன்று மட்டும், அக்டோபர் கடைசியில் சில ஹோட்டல்களில் குளங்களைக் குளிர்காலத்துக்காக மூடத் தொடங்குவார்கள். மகள் நீச்சலுடையோடு வருகிறாள் என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அப்பாவின் ஆசை. மனைவியும் மகளும் அம்மாவும் பூந்தோட்டத்தில் இருக்கட்டும். நீங்கள் அப்பாவை டிராமில் ஏற்றிப் பார்க் எம்ஜிஎம் அழைத்துப் போங்கள். புகை இருக்காது, இன்ஹேலர் சட்டைப் பையிலேயே இருக்கலாம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இருபது டாலர் என்று முடிவு செய்துகொண்டு உட்காரட்டும். ரூலெட் (எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றி ஆடும் சூதாட்டம்) மேசை என்றால் சக்கரத்தில் எத்தனை பூஜ்யம் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பூஜ்யம் என்றால் நூறு டாலர் பந்தயத்துக்குச் சராசரியாக 2.70 டாலர் கேசினோவுக்கு, இரண்டு என்றால் 5.26, மூன்று பூஜ்யம் வைத்த மேசையில் 7.69. ஸ்ட்ரிப்பில் மூன்று பூஜ்ய மேசைகள் பெருகிவிட்டன, அதுவும் குறைந்த பந்தய மேசைகளில்தான்.

ஒருவேளை அப்பாவுக்கு ஸ்லாட் இயந்திரத்தில் பெரிய தொகை விழுந்துவிட்டால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனதும் இயந்திரம் நின்றுவிடும், ஆள் வந்து பாஸ்போர்ட் கேட்பார். சுற்றுலா விசாவில் வந்த இந்தியருக்கு 30 சதவிகிதம் வரி பிடித்துவிட்டுத்தான் மீதியைக் கொடுப்பார்கள். ரூலெட், பிளாக்ஜாக் (ஒரு சீட்டாட்டம்) மேசைகளில் ஜெயித்தால் வெளிநாட்டவருக்கு இந்தப் பிடித்தம் இல்லை.