சாய்ப்பது சுலபம், ஆடாமல் நிற்க வேண்டுமே!

கேள்வி: ஹெலிகாப்டர் போல எழும்பி, நடுவானில் விமானமாக மாறும் ஆஸ்ப்ரேயை வீடியோவில் பார்த்தேன். காற்றாடியைச் சாய்ப்பதற்கா இத்தனை வருஷ ஆராய்ச்சி? அது ஓடுபாதையில் இறங்குமா? (காரைக்குடி வாசகி)

பதில்: சாய்ப்பதற்கு ஒரு மோட்டார் போதும். சாய்ந்தது ஆடாமல் இருக்க வேண்டும், வம்பே அதில்தான். எங்கள் வீட்டு ஸ்டாண்ட் ஃபேனுக்குக் கழுத்துத் திருகு தேய்ந்துவிட்டது. ஒன்றில் வைத்தால் சாது. மூன்றில் வைத்தால் தலை வட்டமடித்து ஆட, ஃபேனே தரையில் நகரும். பெரிய ரோட்டரை, அதாவது அந்தக் காற்றாடியை, இறக்கை நுனியில் மாட்டினாலும் இதே வியாதிதான்.

அமெரிக்காவில் பெல் நிறுவனத்தின் சோதனை விமானம் எக்ஸ்வி-3, 1955 ஆகஸ்டில் முதலில் எழும்பியது. மறு வருஷம் அக்டோபரில் ரோட்டரைக் கொஞ்சம் சாய்த்ததுமே அதிர்வு தாங்காமல் விமானி மயங்கிவிட்டார். விமானம் விழுந்தது, பலத்த காயத்தோடு அவர் பிழைத்தார். அடுத்த எக்ஸ்வி-3-ல் மூன்று பிளேடை இரண்டாக்கினார்கள். 1958 டிசம்பர் 18-ல்தான் விமானி பில் குயின்லன் ரோட்டர்களை முழுக்க முன்னால் சாய்த்துப் பறந்தார். அப்புறமும் வியாதி முழுசாகத் தீரவில்லை. அதைப் புரிந்துகொள்ள நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் (விமானத்தை நிறுத்தி வைத்து அதன்மேல் வேகமாகக் காற்றை ஓட்டும் கூடம்) வைத்துப் பல வருஷம் சோதித்தார்கள்.

அந்தப் பாடத்தில் பிறந்தது எக்ஸ்வி-15. 1977-ல் எழும்பியது, 1979 ஜூலையில் முழு விமானமாக மாறியது. எக்ஸ்வி-3-க்கு உடம்புக்குள் ஒரே எஞ்சின். இதற்கு இறக்கை நுனிக்கு ஒன்றாக இரண்டு. ஒரு எஞ்சின் நின்றால் குப்புறக் கவிழாதா? கவிழாது. இரண்டு ரோட்டரையும் இணைத்து இறக்கைக்குள் ஒரு தண்டு ஓடுகிறது. மிச்சமிருக்கும் எஞ்சின் இரண்டையும் சுற்றும். எனக்கு இந்த விமானத்தில் மிகவும் பிடித்தது அந்தத் தண்டுதான். 1989-ல் பறந்த ஆஸ்ப்ரேயிலும் அது உண்டு.

சரி, ஓடுபாதை. இறங்கலாம், ரோட்டரை மேல்நோக்கித் திருப்பிக்கொண்டால். எக்ஸ்வி-15-ன் ரோட்டர் விட்டமே 25 அடி. ரோட்டர் முன்னால் பார்த்தபடி இறங்கினால் பிளேடு தரையில் இடிக்கும். ஆஸ்ப்ரேயில் வேறு வழியில்லாமல் அப்படி இறங்க நேர்ந்தால், பிளேடு துண்டுதுண்டாகத் தெறிக்காமல் துடைப்பம்போல நார்நாராகப் பிரியும்படி செய்திருக்கிறார்கள்.