கணக்கில் பணம் இருந்தது, தொட முடியவில்லை

கேள்வி: நாங்கள் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஈசூனில் ஒரு வாடகை அறையில் பரதம், மிருதங்கம், சனிக்கிழமை சிலம்பம் என்று வகுப்புகள் நடத்துகிறோம். பரதம் சொல்லித் தருவது என் மனைவி. சிலம்பத்துக்குப் பக்கத்து புளோக் மலாய்ப் பிள்ளைகள் இருவரும் வருகிறார்கள். என் மகன் கிளாஸ்கோவில் படிக்கிறான். அங்கே நீச்சல்குளம், நூலகம், அருங்காட்சியகம் எல்லாவற்றையும் ஓர் அறநிறுவனம் நடத்துகிறதாம். நாங்களும் ஓர் அறக்கட்டளை தொடங்கி, சொந்தமாக ஒரு சிறு அரங்கை நடத்தலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: நடத்தலாம் ஐயா. ஆனால் ‘சொந்தமாக’ என்ற சொல்லை இப்போதே அடித்துவிடுங்கள். அறக்கட்டளை ஆன நாளிலிருந்து அரங்கின் விளக்கு, மைக், நீங்கள் கைக்காசு போட்டு வாங்கி அதற்குக் கொடுத்துவிட்ட மிருதங்கம் எல்லாம் பொதுப் பணிக்கு உரியவை. நாளைக்கு வகுப்பை மூடினாலும் நான்கு குடும்பமும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. இதை நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் முகம் மாறினாலும் கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் மகன் சொல்வது கிளாஸ்கோ லைஃப். 2007இல் அந்த நகர மன்றமே அதைத் தொடங்கி, கெல்விங்ரோவ் அருங்காட்சியகம், மிட்செல் நூலகம், விளையாட்டு மையங்கள் என்று ஒப்படைத்தது. பிரிட்டனில் அறநிறுவனம் நடத்தும் கட்டடத்துக்கு வணிகக் கட்டட வரியில் 80 விழுக்காடு கழிவு கிடைக்கும். பல நகரங்கள் இந்த வழிக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் கோவிட் வந்து கதவுகளை மூடியதும் வருமானம் நின்றது, பல இடங்கள் வெகுநாள் திறக்கவில்லை. பின்னால் ஒரு நகர மன்றம் நின்ற அமைப்புக்கே அந்த நிலை. உங்களுக்குப் பின்னால் நிற்கப்போவது யார்?

இங்கே சிங்கப்பூரில் நீச்சல்குளங்களை ஸ்போர்ட் சிங்கப்பூர் அமைப்பும் சமூக மன்றங்களை மக்கள் கழகமும் பார்த்துக்கொள்கின்றன. அறநிறுவனமாக நடக்கும் அரங்கு என்றால் பெரியதில் எஸ்பிளனேட் இருக்கிறது. சிறியதில் எனக்கு நினைவு வருவது சப்ஸ்டேஷன். 1990இல் நாடகாசிரியர் குவோ பாவ் குன் ஆர்மேனியன் ஸ்திரீட்டில், பழைய மின்நிலையத்தில் அதைத் தொடங்கினார். கட்டடம் அவர்களுடையதல்ல. 2021இல் அந்த இடத்தை விட்டு வெளியேறினார்கள். முப்பது ஆண்டு வாழ்ந்த இடம்! ஆகவே வாடகை ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, புதுப்பிக்கும் உரிமை யாருக்கு என்பதை முதலில் படியுங்கள். அறக்கட்டளைக்கு என்ன பெயர் வைப்பது என்று அப்புறம் பேசலாம்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஒரு நடன அமைப்புக்கு நான் பொருளாளராக இருந்தேன். அரங்கேற்றத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கூடத்தின் ஏர்கான் நின்றுவிட்டது. கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற 6,400 வெள்ளி ஆகும் என்றார் மெக்கானிக். வங்கியில் 18,000 வெள்ளி இருந்தது. அத்தனையும் மேடை விளக்குக்கு என்று எழுதிக் கொடுத்த நன்கொடை. அதிலிருந்து ஒரு காசு எடுத்தாலும் கொடுத்தவரின் நம்பிக்கையை உடைத்ததாகும். பிள்ளைகள் அந்தக் கூடத்தில் வியர்த்து ஒழுகி ஆடினார்கள். தரையில் வியர்வை சொட்டி வழுக்கியது. ஒரு பெண் தில்லானா நடுவில் சறுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். அவள் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன்: நன்கொடைப் படிவத்தில் ‘பொது நிதி’ என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும். விளக்கு, உடை, மேடை இவற்றுக்குக் கொடுக்க ஆள் வருவார்கள். கரண்ட் பில்லுக்கும் கழிவறைத் துப்புரவுக்கும் நீங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். அதிலிருந்து அவசரத்துக்கு ஒரு கையிருப்பும் சேருங்கள்.

அறநிறுவனமாக நடத்தச் சட்டப்படி வழி மூன்று: சங்கம், பங்குதாரர் இல்லாத உத்தரவாத நிறுவனம் (பங்குக்குப் பதில், தேவைப்பட்டால் ஒரு தொகை தருவதாக உறுப்பினர்கள் உறுதி தருவது), அறக்கட்டளை. ஊழியர் வைத்து, வாடகை ஒப்பந்தம் போட்டு நடத்துவதானால் நடுவில் உள்ளதே வசதி என்பது என் கருத்து. எதுவானாலும் நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர், அவர்களில் இருவராவது குடிமக்கள் அல்லது நிரந்தரவாசிகள். தொடங்கி மூன்று மாதத்துக்குள் அறநிறுவன ஆணையரிடம் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் துணைவியார் பாடம் நடத்தட்டும், சம்பளமும் வாங்கட்டும். அந்தச் சம்பளத்தை முடிவு செய்யும் நேரத்தில் நீங்கள் இருவரும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும், அதைக் கூட்டக் குறிப்பிலும் எழுத வேண்டும். பொருளாளர் தொடர்ந்து நான்கு ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அறநிறுவனங்களுக்கான நல்லாட்சி நெறிமுறை. நல்ல விதி. ஒரே ஆள் கையில் காசோலைப் புத்தகம் நெடுநாள் இருந்தால், அவர் நல்லவராகவே இருந்தாலும் மற்றவர்கள் கணக்குக் கேட்பதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த மலாய்ப் பிள்ளைகள் இருவரையும் விட்டுவிடாதீர்கள். பின்னால் நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு ரசீது தரும் ‘ஐபிசி’ தகுதிக்குப் போனால், பணி ஓர் இனத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் என்று அடங்காமல் சமூகம் முழுமைக்கும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. சிலம்பம் யார் கையிலும் சுழலும்.

இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். மூன்று மாதம், எந்த நாள் எத்தனை மணிக்கு அறை காலியாகக் கிடந்தது என்று மட்டும் எழுதுங்கள். வாடகை அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தானே போகிறது? எழுதியதை எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.

கேள்வி: மகள் ஆடும் குழுவுக்கு 200 வெள்ளி கொடுத்தேன். வரிக் கழிவு உண்டா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: அந்தக் குழு ஐபிசியா என்று கேளுங்கள் அம்மா. பதிவு பெற்ற அறநிறுவனம் எல்லாமே ஐபிசி ஆகிவிடாது. ஐபிசிதான் என்றால், 2026 இறுதிவரை கொடுத்ததில் இரண்டரை மடங்கு, அதாவது 500 வெள்ளி, வரிக்கு உரிய வருமானத்தில் கழியும். அடையாள அட்டை எண்ணைக் கொடுக்க மறக்காதீர்கள். மகளின் வகுப்புக் கட்டணம் நன்கொடையில் சேராது.